ஒன்பதாவது செக்கன்

சீவரத்தினம் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினோடு வாய்க்காலுக்குள் இறங்கிய அன்றைக்குப் பெரியமடு ஊர் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது. ஆள் குடிக்கத் தொடங்கிவிட்டார். சீவரத்தினம் கள்ளுப் போத்தலைக் கையால் தொட்டவர்கூட அல்ல. அவர் நித்திரை கொண்டார், அவ்வளவுதான். பன்னிரண்டு மூட்டை நெல்லோடு, பகல் பத்து மணிக்கு, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்தபடி நித்திரை கொண்டார். வாய்க்கால் தண்ணீர் இடுப்புக்கு வந்த பிறகுதான் கண் திறந்தார்.

அதற்கு முன்னும் அவர் நித்திரை கொள்ளாத இடமில்லை. கோயில் பரிபாலன சபைக்கு அவரைத் தலைவராகத் தெரிவு செய்தபோது நித்திரை. கையை உயர்த்தி எதிர்க்காததால் ஏற்றுக்கொண்டதாக எழுதிவிட்டார்கள். மச்சானின் செத்தவீட்டில் பாடை தூக்கப் போனவர் பாடைக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். பறையடிக்க வந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சரியான ஆளின் பக்கம் திரும்பி அடித்தார்.

ஊருக்குத் தெரியாத காரணம் அவருடைய மனைவி மங்கையற்கரசிக்குத் தெரியும். படுத்தால் அவருக்கு மூச்சு நின்றுவிடும். குறட்டை ஏறிக்கொண்டே போய் ஒரு இடத்தில் அறுந்துவிடும். பிறகு சத்தமே இல்லை. மங்கையற்கரசி எண்ணுவாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது வந்ததும் முழங்கையால் விலாவில் ஒரு இடி. அவர் கொர் என்று இழுத்து மூச்சுக்குத் திரும்புவார். விழிக்கமாட்டார். இரண்டு நிமிடத்தில் மறுபடியும் அறும், மறுபடியும் எண்ணுவாள்.

ஏன் ஒன்பது என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை. தொடக்கத்தில் பதினைந்து வரை விட்டுப் பார்த்தவள்தான். ஒருநாள் எண்ணிக்கை இருபத்திரண்டுக்குப் போனது. டோர்ச் அடித்துப் பார்த்தபோது அவருடைய உதடு நாவல்பழம் தின்ற நிறத்தில் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்பதைத் தாண்ட விட்டதில்லை. பதினொரு வருடமாகிறது. அவள் கண்ணயர்ந்தாலும் முழங்கை விழித்திருந்தது. இதை ஒரு வேலை என்று அவள் நினைத்ததில்லை, ஆகையால் யாருக்கும் சொல்லவுமில்லை.

வாய்க்கால் சம்பவத்துக்குப் பிறகு கிளினிக் டொக்டர் அவருடைய கழுத்தை நாடாவால் அளந்து, தொண்டைக்குள் லைற் அடித்துப் பார்த்து, ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். இரவில் மூச்சு அடைபடுகிறது, மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றைத் தள்ளித் தொண்டையைத் திறந்து வைக்கும் மெசின் ஒன்று வேண்டும், அதற்கு முதலில் வீட்டில் வைத்து நித்திரையைப் பதிவு செய்து புள்ளி எடுக்க வேண்டும் என்றார். பதிவை மென்பொருளில் பார்த்துப் புள்ளி போடுவதற்கென்றே மன்னாரில் ஒரு இடம் திறந்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். அரசாங்கம் தங்களுடைய நித்திரைக்கும் ஒரு கந்தோர் வைத்திருக்கிறது என்பதைக் கேட்டு இரண்டு பேருக்கும் மனம் குளிர்ந்தது.

பாலத்தைக் கடந்து தீவுக்குள் போனால், ஒரு ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில், ‘வீட்டு நித்திரைப் பதிவு மீளாய்வு அலகு’ இருந்தது. படிக்கட்டை மறித்துக்கொண்டு ஒரு கழுதை நின்றது. மன்னார்க் கழுதைகள் யாருக்கும் விலகுவதில்லை. இருவரும் அதைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். மேலே சுவரில் ‘நிம்மதியான நித்திரை, நிரூபிக்கப்பட்ட நித்திரை’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

பொறுப்பதிகாரி பார்த்தீபன் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். துண்டை வாங்கி வாசிக்காமலே மேசைமேல் வைத்தார்.

“அம்மா, ஒண்டை முதலே விளங்கிக்கொள்ளுங்கோ. நாங்கள் நோயைப் பாக்கிறேல்லை. நோயை டொக்டர்மார் பாப்பினம். நாங்கள் பதிவைப் பாக்கிறம். ஆள் பொய் சொல்லும், மனுசி பொய் சொல்லும், பதிவு சொல்லாது.”

அவருக்குப் பின்னால் கண்ணாடி அலுமாரிக்குள் பன்னிரண்டு மெசின்கள் அடுக்கியிருந்தன. அவற்றைச் சுற்றிய பொலித்தீன்கூட இன்னும் கழற்றப்படவில்லை. ஒரு மணித்தியாலத்தில் பத்து செக்கனோ அதற்கு மேலோ எத்தனை தரம் மூச்சு நிற்கிறதோ அதுதான் புள்ளி, பதினைந்து புள்ளி வந்தால் ஒரு மெசின் இலவசம் என்று பார்த்தீபன் விளக்கினார்.

“இதுவரைக்கும் எத்தினை பேருக்குக் குடுத்தனீங்கள் ஐயா?” என்று மங்கையற்கரசி கேட்டாள்.

“இன்னும் ஒருத்தரும் தகுதி பெறேல்லை,” என்று அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அதாலதான் நித்திரைச் சுகாதாரத்தில எங்கட பிராந்தியம் முதலாமிடம். போன மாசம் கேடயம் தந்தவை.”

பிறகு கேள்விப் படிவம். எட்டுச் சந்தர்ப்பங்களில் தூங்கிவிழும் வாய்ப்பு எவ்வளவு என்று பூச்சியத்திலிருந்து மூன்று வரை சொல்ல வேண்டும்.

“தியேட்டரில இருக்கேக்க?”

“நான் தியேட்டருக்குப் போறேல்லை ஐயா,” என்றார் சீவரத்தினம்.

“போனா?”

“என்ன படம் எண்டு தெரியாமல் எப்பிடிச் சொல்லுறது?”

பூச்சியம் என்று பார்த்தீபன் எழுதினார். காரில் போகும்போது வாகன நெரிசலில் ஐந்து நிமிடம் நிற்க நேர்ந்தால் என்பது அடுத்த கேள்வி. பெரியமடுவில் நெரிசல் என்றால் மாட்டுப்பட்டிதான், கார் இல்லை. அதுவும் பூச்சியம். மூன்றாவது கேள்வி பாதியில் நிற்கும்போது சீவரத்தினத்தின் தலை மேசையில் விழுந்தது. குறட்டை தொடங்கியது.

“இஞ்ச பாருங்கோ ஐயா, இப்ப கொள்ளுறார்,” என்றாள் மங்கையற்கரசி.

பார்த்தீபன் படிவத்தை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தார். “படிவம் நிரப்பேக்க நித்திரை கொள்ளுறது எட்டுச் சந்தர்ப்பத்துக்குள்ள இல்லை அம்மா. இதை நான் எங்க போடுறது?”

குறட்டை அறுந்தது. மங்கையற்கரசி ஒன்பதில் இடித்தாள். யாரும் கவனிக்கவில்லை.

கருவியைக் கொண்டுபோய் அன்றிரவே மாட்டினார்கள். நெஞ்சுக்கு ஒரு பட்டி, மூக்குக்கு ஒரு குழாய், விரலுக்கு ஒரு கிளிப். இரண்டு கிழமையில் முடிவு வந்தது. புள்ளி வெறும் பூச்சியம். பார்த்தீபன் எழுந்து நின்று கை கொடுத்தார்.

“மாவட்டத்திலேயே இது முதல்தரமான நித்திரை. உங்கட படத்தைச் சுவரில போட அனுமதி தாறீங்களோ?”

சீவரத்தினம் கதிரையில் நித்திரை கொண்டுகொண்டிருந்ததால் அனுமதி கிடைக்கவில்லை.

அறிக்கையின் அடியில் கொழும்பிலிருக்கும் விசேட வைத்தியரின் கையொப்பம் இருந்தது. எந்தப் பதிவு வந்தாலும் வேலை தங்கக்கூடாது என்பதற்காகக் கையொப்பத்தை முதலே மென்பொருளுக்குள் போட்டு வைத்திருந்தார்கள். வைத்தியர் ஓய்வு கிடைக்கும்போது வாசிப்பார். அவருக்கு இன்னும் ஓய்வு கிடைக்கவில்லை.

அங்கே பதிவைக் கண்ணால் பார்க்கிற ஒரே ஆள் நிருஷா என்ற பிள்ளை. ஏழு மணித்தியால நித்திரையைப் பார்க்க அவளுக்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். மென்பொருள் போட்ட புள்ளிகளுக்குச் சம்மதம் என்று அழுத்துவதற்கு அந்த நான்கு நிமிடம் போதும், பார்ப்பதற்குத்தான் போதாது. சீவரத்தினத்தின் பதிவில் அவள் தேத்தண்ணி நேரத்தையும் செலவழித்திருந்தாள்.

“சேர், இதை ஒருக்காப் பாருங்கோ,” என்று அவள் திரையைத் திருப்பினாள். மூச்சுக்கோடு அலை அலையாக ஓடி, தட்டையாகி, மறுபடி அலையாகியது. “இருநூற்றி நாப்பத்தி மூண்டு தரம் மூச்சு நிண்டிருக்கு. ஒவ்வொரு தரமும் ஒன்பது செக்கன். எட்டு இல்லை, பத்து இல்லை. ஒன்பது. மனுச உடம்பு இப்பிடிச் செய்யாது சேர்.”

“ஒன்பது செக்கன் தடை இல்லை, பிள்ளை. அது இடைவேளை.”

நிருஷா மங்கையற்கரசியின் பக்கம் திரும்பினாள். “அம்மா, நீங்கள் ஏதும் செய்யிறனீங்களோ?”

“ஓம். ஒன்பதில இடிக்கிறனான்.”

பார்த்தீபன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினார். அவருடைய உத்தியோக வாழ்க்கையில் இப்படியொரு மோசடியை அவர் கண்டதில்லை.

“அம்மா, நீங்கள் செய்தது என்னெண்டு உங்களுக்கு விளங்குதோ? இது அரசாங்கப் பதிவு. அதுக்குள்ள முழங்கையை விட்டிருக்கிறீங்கள்!”

“மூச்சு நிண்டா இடிக்காமல் என்ன ஐயா செய்யிறது?”

“விடோணும். பத்து வரட்டும். பத்து வந்தா நாங்கள் எண்ணுவம்.”

“எண்ணி?”

“எண்ணினாத்தானே மெசின்.”

மங்கையற்கரசி அலுமாரியைப் பார்த்தாள். பன்னிரண்டு மெசின்களும் பொலித்தீனுக்குள் பத்திரமாக இருந்தன. அவளுக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. இவர்கள் எண்ணத்தான் இருக்கிறார்கள், இடிக்க இல்லை என்பது அவளுக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

பதிவைச் செல்லாததாக்கக் காரணம் போட வேண்டியிருந்தது. மென்பொருளின் இடையூறுப் பட்டியலில் மின்தடை, மழை, நாய், குழந்தை என்று நான்கு காரணங்கள் இருந்தன. மனைவி இல்லை. ஏனையவை என்றொரு கட்டம் இருந்தது. சனம் அதை அளவுக்கு மிஞ்சிப் பாவித்ததால் பூட்டிவிட்டார்கள். நீண்ட யோசனைக்குப் பிறகு பார்த்தீபன் மங்கையற்கரசியை நாய் என்ற கட்டத்தில் பதிந்தார். மன்னிக்க வேண்டும், தனிப்பட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்றும் சொன்னார்.

இரண்டாவது பரிசோதனைக்கு நிபந்தனை போட்டார்கள். மனைவி முழங்கைத் தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். முழங்கைத் தூரம் என்பது எவ்வளவு என்று ஒரு கேள்வி எழுந்தது. மேலிடத்துக்கு எழுதிக் கேட்டார்கள். ஏழு கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. பத்துக் கிலோமீற்றர். மனைவி அந்தத் தூரத்தில் இருந்தாள் என்று அந்த இடத்துக் கிராம சேவையாளர் இரவு ஒன்பது மணிக்கும் காலை ஆறு மணிக்கும் பார்த்து ஒப்பமிட வேண்டும். பக்கவாட்டில் படுக்க வைக்கக் கூடாது, தலையணை உயர்த்தக் கூடாது, வேறு யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது. நோயாளி இயல்பாக மூச்சு நிறுத்த இடமளிக்க வேண்டும்.

“நான் போகமாட்டன்,” என்றாள் மங்கையற்கரசி வீட்டுக்கு வந்ததும். “மெசினும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம்.”

சீவரத்தினம் வாசலில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். இடையில் கண் சொருகி, மறுபடி விழித்தார். “ஒரு ராத்திரிதானே மங்கை. தாங்குவன்.”

“தாங்காட்டி?”

“பதினொரு வருசமா நீ ஒழுங்காக் கண் மூடேல்லை. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ? என்ர விலாவைத் தொட்டுப் பார், காய்ச்சுப்போய்க் கிடக்கு. மெசின் வந்தா நீ ஒருநாள் விடியுமட்டும் படுப்பாய். அதைப் பாக்கோணும் எனக்கு.”

அவளுக்கு அழுகை வந்தது. அவருக்கு நித்திரை வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினாள்.

குறித்த நாளில் பின்னேர பஸ்ஸில் அடம்பனிலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போனாள். போகுமுன் பட்டியையும் கிளிப்பையும் எப்படி மாட்டுவது என்று அவருக்கு மூன்றுதரம் காட்டினாள். மூன்றாவது தரம் காட்டும்போது அவர் நித்திரையாகிவிட்டதால் நான்காவது தரமும் காட்டினாள். அடம்பன் கிராம சேவையாளர் ஒன்பது மணிக்கு வந்து ஆளைப் பார்த்து ஒப்பமிட்டார். காலை ஆறு மணிக்கு வந்தபோது அவள் வாசலில் பையோடு நின்றாள். கண் இரண்டும் சிவந்திருந்தன. இரவு முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டதற்கு, எண்ணினேன் என்றாள்.

பெரியமடுவுக்கு வந்து கதவைத் தள்ளும்போது மணி ஏழு நாற்பது. வீட்டுக்குள் குறட்டை கேட்கவில்லை. அவள் வாசற்படியில் நின்று ஒன்பது வரை எண்ணினாள். பிறகு உள்ளே போனாள். சீவரத்தினம் இயல்பாக, நேராக, மல்லாந்து படுத்திருந்தார். நிபந்தனைகள் எல்லாவற்றையும் கடைப்பிடித்திருந்தார். நெஞ்சுப் பட்டியின் மேல் பச்சை லைற் மினுங்கியது. அவள் விலாவில் இடித்தாள். மறுபடியும் இடித்தாள். அயல்சனம் வந்து அவளைப் பிடித்து இழுக்குமட்டும் இடித்துக்கொண்டிருந்தாள். கிளிப்பைக் குளிர்ந்த விரலிலிருந்து கழற்றியதும் அவள்தான்.

குடிச்சே செத்துப்போனான் என்று பெரியமடு இரண்டாவது முறையும் ஒருமனதாக முடிவு செய்தது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியுமுன் மீளாய்வு அலகிலிருந்து மூன்றுதரம் போன் வந்தது. கருவி இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. ஒன்பதாம் நாள் அவள் கருவியை ஒரு சீலைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பாலம் தாண்டி, கழுதையைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

“அவர் செத்துப்போனார் ஐயா.”

“ஆழ்ந்த அனுதாபங்கள்,” என்றார் பார்த்தீபன். “நெஞ்சுப் பட்டியும் இருக்குதோ?”

இருந்தது. நிருஷா பதிவைக் கணினியில் ஏற்றினாள். மென்பொருள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு எழுபத்தொன்று என்று புள்ளி போட்டது. பார்த்தீபன் கதிரையை விட்டு எழுந்துவிட்டார்.

“எழுபத்தொண்டு! பாத்தீங்களோ அம்மா, நான் சொன்னன்தானே? நீங்கள் கை வைக்காட்டி எவ்வளவு நல்லா வருது!” அவர் அலுமாரிச் சாவியைத் தேடினார். பிறகு திரையின் மூலையைப் பார்த்துவிட்டு மெதுவாக அமர்ந்தார். “பதிவு மூண்டு மணித்தியாலம் நாப்பது நிமிசம்தானே இருக்கு. நாலு மணித்தியாலம் வேணும். இன்னுமொரு இருபது நிமிசம் மூச்சு விட்டிருந்தாரெண்டா செல்லுபடியாகியிருக்கும்.”

“எனக்கு மெசின் வேண்டாம்,” என்றாள் மங்கையற்கரசி. “ஊர் குடிச்சுச் செத்தவர் எண்டு சொல்லுது. மூச்சு நிண்டுதான் செத்தவர் எண்டு ஒரு கடதாசி தாங்கோ. அது போதும்.”

நிருஷா பதிவை வலப்பக்கம் தள்ளினாள். இரவு ஒன்று இருபதுக்கு மூச்சுக்கோடு தட்டையாகியது. சற்று நேரத்தில் நாடிக்கோடும் தட்டையாகியது. அதற்குப் பிறகு ஏழு ஐம்பது வரைக்கும் ஒன்றுமில்லை. மூச்சும் நாடியும் இரண்டும் இல்லாமல் போனால் ஆள் இறந்துவிட்டார் என்று அந்த மென்பொருளுக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அது அந்த ஆறரை மணித்தியாலத்தையும் சாம்பல் நிறமாக்கி, ‘கருவி நோயாளியால் கழற்றப்பட்டது’ என்று எழுதியிருந்தது.

“அவர் கழற்றேல்லை. நான்தான் கழற்றினனான். காலமை ஏழு ஐம்பதுக்கு.”

“அப்ப மறுபடியும் தலையீடு,” என்றார் பார்த்தீபன்.

“சேர், இதை நான் மூச்சுத்தடை எண்டு குறிக்கிறன்,” என்றாள் நிருஷா. அவள் சாம்பல் நிறத்தை அழித்து, ஒன்று இருபதில் சுட்டியை வைத்து, மூச்சுத்தடை என்று தெரிவு செய்தாள். ஒரு பெட்டி திறந்தது. முடிவு நேரத்தை இடுக. ஏழு ஐம்பது என்று இட்டாள். ஒரு தடை நூற்றிருபது செக்கனை மீற முடியாது என்று பதில் வந்தது. வெறுமையாக விட்டாள். முடிவு நேரத்தை இடுக.

“விடும் பிள்ளை,” என்றார் பார்த்தீபன். அவருக்கு உண்மையிலேயே இரக்கமாக இருந்தது. “தடை எண்டா ஒரு முடிவு இருக்கோணும். மூச்சுத் திரும்பி வந்தாத்தான் இடையில நிண்டது எண்டு சொல்லலாம். திரும்பி வராட்டி நிண்டது எண்டு நாங்கள் எப்பிடி நிரூபிக்கிறது?”

“என்ன கேக்குது பிள்ளை அது?” என்றாள் மங்கையற்கரசி.

“எப்ப முடிஞ்சது எண்டு கேக்குது அம்மா.”

மங்கையற்கரசி அந்தப் பெட்டியைப் பார்த்தாள்.

“ஒன்பது செக்கனில எண்டு போடு. நான் பக்கத்தில இருந்திருந்தா அப்பிடித்தான் முடிஞ்சிருக்கும்.”

நிருஷா விசைப்பலகைக்குத் திரும்பினாள். ஒன்பது என்று அடித்தாள். மென்பொருள் உடனே ஏற்றுக்கொண்டது. தட்டைக் கோட்டின் தொடக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பட்டை தோன்றியது. மங்கையற்கரசி அதைத் தொடுவதற்கு விரலை நீட்டினாள். அதற்குள் வேறொரு பெட்டி வந்தது. பத்து செக்கனுக்குக் குறைந்த நிகழ்வு, நீக்கப்பட்டது. பட்டை மறைந்தது. மீதி நேரம் தானாகவே மறுபடி சாம்பல் நிறமாகியது.

“இப்ப பதிவு சுத்தம்,” என்றார் பார்த்தீபன். அறிக்கையை அச்சிட்டு, கொழும்பு வைத்தியரின் கையொப்பம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து, இரண்டு கையாலும் நீட்டினார். பதிவு போதாது, நோயாளி மூன்றாம் முறை சமுகமளிக்கவும் என்று அதில் இருந்தது. மங்கையற்கரசி ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தாள். கடைசி வரியில் விரல் நின்றது. வெளித் தலையீடு: இல்லை.

“ஓம்,” என்றாள். “நான் இருக்கேல்லை.”